பெரிய வெளியைக் கூட்டிய கதை

தென் லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் டிராம் ஏறி, குரொய்டனில் இறங்கி, பஸ் பிடித்து, அந்த பஸ் திரும்புகிற கடைசித் தரிப்பில் இறங்கினால் வீடுகள் முடிந்து வேலி தொடங்கும். வேலிக்கு அந்தப் பக்கம்தான் நான் வேலை செய்கிற குதிரைப் பண்ணை. இதுவும் லண்டன்தான் என்றால் வெம்பிளியில் இருக்கிற என் சொந்தக்காரர் நம்புவதில்லை. வந்து பார்க்கச் சொன்னால், சப்பாத்து ஊத்தையாகிவிடும் என்கிறார்கள்.

மரத்தால் செய்த லாயங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. முற்றத்துக்குக் கீழே பெரிய வெளி: புல், ஓரமாகச் சில ஓக் மரங்கள், தண்ணீர்த் தொட்டி, மேயும் குதிரைகள். குதிரைகள் பண்ணையின் சொந்தக் குதிரைகள் அல்ல. தாதிமார், வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஒரு பஸ் சாரதி என்று பலரும் தங்கள் குதிரையை இங்கே விட்டிருக்கிறார்கள். அவர்கள் சனி ஞாயிறில் வந்து ஏறி ஓடுவார்கள். மற்ற நாட்களில் தீனி, தண்ணீர், வைக்கல், எரு எல்லாம் என் பொறுப்பு. பண்ணையின் சொந்தக்காரி எழுபதைத் தாண்டிய ஒரு ஆங்கிலேய மனுசி. மிச்சத்தில் இருக்கிற எங்கள் சனம் அவருக்கு வைத்த பெயர் குதிரை அம்மா. நானும் அப்படியே சொல்கிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்தது, பிறகு யாரும் அதைத் திருப்பிக் கட்டவில்லை. அதன் பின் கொழும்பு, மொஸ்கோ, ஒரு லொறியில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் சில நாட்கள், ஜெர்மனியில் ஒரு முகாம், பாரிஸில் பாத்திரம் கழுவின அடுப்படிகள், கடைசியில் லண்டன். இங்கேயும் பெற்றோல் நிலையம், குளிர்க் களஞ்சியம், கோழிக் கடை என்று மாறிக்கொண்டே இருந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. இரண்டு குளிர்காலம் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான்.

இங்கே வந்தது பார்சல் வான் ஓடின காலத்தில். பண்ணை ஒழுங்கைக்குள் திரும்புகிறேன், எதிரே ஒரு கறுப்புக் குதிரை கயிறு இல்லாமல் ஓடி வருகிறது. வேறு ஒன்றும் தோன்றாமல் வானைக் குறுக்கே விட்டு ஒழுங்கையை அடைத்தேன். குதிரை நின்று வான் கண்ணாடியை மணந்து பார்த்தது. பின்னால் மூச்சு வாங்க வந்த குதிரை அம்மா, "உனக்குக் குதிரை பழக்கமா?" என்று கேட்டார். "எங்கள் தீவில் குதிரைகள் இருக்கின்றன" என்றேன். அது உண்மை. நெடுந்தீவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன குதிரைகளின் பரம்பரை இன்னும் வெட்டவெளியில் நிற்கிறது. அவற்றை யாரும் தொடுவதில்லை. அவை தம்பாட்டில் மேயும், நாங்கள் எம்பாட்டில் போவோம். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வைக்கல் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற பழைய காரவன் வண்டி வீட்டில் என் பையை வைத்தேன். இரண்டு குளிர்காலம் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. கால் அரிக்கவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை.

குதிரை தின்னுகிறதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். காலையில் லாயம் லாயமாக நீளப் பிடி முள்ளுக் கரண்டியால் எருவை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, கீழ் வாசல் படலைக்குப் பக்கத்தில் குவிக்க வேண்டும். வெளியில் கிடப்பதையும் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் குதிரைக்குப் புழு வரும். குவியல் வளர்ந்துகொண்டே போகும். பனிக்காலத்தில் அதிலிருந்து ஆவி எழும்பும். அதை ஏற்றிப்போக லொறி பிடிப்பது குதிரை அம்மாவுக்குத் தீராத தலையிடி.

அந்தத் தலையிடியைத் தீர்த்தது மிச்சத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா. நான் அங்கேதான் மிளகாய்த்தூளும் அரிசியும் வாங்குவேன். ஒரு நாள் அவர் மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, உன்னில என்ன மணம்?"

"குதிரை, அக்கா. வேலையால நேர வாறன்."

கல்லாவில் இருந்த அவருடைய கணவர், "உடுப்பையாவது மாத்திக்கொண்டு வாவன்ரா" என்றார். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"குதிரை எண்டால் எரு இருக்குமே?"

"மலை மாதிரிக் கிடக்கு."

"மக்கின எருவோ?"

"அடியில மக்கித்தான் கிடக்கு."

"கேட்டியளே?" என்று கணவர் பக்கம் திரும்பினார். "நான் கடையில பையில விக்கிற மண்ணை வாங்கி முருங்கையைச் சாக்காட்டிக்கொண்டிருக்கிறன். இவன் மலை மேல இருக்கிறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை வான் வந்தது. அடுத்த ஞாயிறு பின்னால் இன்னும் சில கார்கள் வந்தன. மிச்சத்தில் எங்கள் ஆட்களின் வீட்டுப் பின்வளவுகளைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும். வெளியில் பார்த்தால் எல்லா வீடும் ஒரே செங்கல். பின்னால் போனால் கண்ணாடிக் கொட்டிலுக்குள் கறிவேப்பிலை, வாளியில் முருங்கை, கொடியில் புடலங்காய், தொட்டியில் வல்லாரை. எல்லாவற்றுக்கும் எரு வேண்டும். சும்மா அள்ளிப்போக யாருக்கும் மனம் வராது. குதிரைக்குக் கரட், எனக்கு இடியப்பமும் சம்பலும், குதிரை அம்மாவுக்குக் கோடை முடிவில் ஒரு பூசணிக்காய். அவர் அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இதை என்ன செய்வது?" என்று என்னிடம் கேட்டார். நான் காரவனில் கறி வைத்துக் கொடுத்தேன். சாணிக்கு நன்றி சொல்கிற சனத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

பிறகு ஒழுங்கை முகப்பில் விளக்குக் கம்பத்தில் கவுன்சில் அறிவித்தல் ஒன்று கட்டப்பட்டிருந்தது. பெரிய வெளி குதிரை அம்மாவின் தம்பியின் பங்கு. தம்பி இறந்தபின் அவருடைய மகன் அதை ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டார். கம்பனி அங்கே பார்சல் களஞ்சியம் கட்டக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தது. அது நீண்ட காலமாக ஒன்றுக்கும் பயன்படாமல் கிடக்கும் தரிசு நிலம் என்பது அவர்களின் வாதம். முன்பு அப்படி ஒரு களஞ்சியத்தில் வான் ஏற்றினவன் நான். வாசலில் இரவு பகலாய் எரிகிற விளக்கும் லொறிகள் பின்னுக்கு வரும்போது போடும் சத்தமும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு குதிரையும் நிற்காது.

சேணங்கள் தொங்குகிற அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது குதிரை அம்மா எனக்கு நேராகச் சொன்னார். "பெரிய வெளி போனால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் பண்ணையை மூட வேண்டும். குதிரைகளை அவரவர் வேறு இடத்துக்குக் கொண்டு போவார்கள். நீ என்ன செய்வாய்?"

"எனக்குப் போய்ப் பழக்கம்" என்றேன்.

வாழ்க்கை முழுக்க நான் சொன்ன பதில்தான் அது. அன்றைக்கு அதைச் சொன்ன பிறகு தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

குதிரைக்காரர்கள் கவுன்சிலுக்கு எழுதினார்கள். மிச்சத்துச் சனமும் எழுதியது. அக்காவின் கடையில் வெங்காயம் வாங்க வந்தவர்களை எல்லாம் அவர் மறித்து எழுத வைத்தார். முடிவெடுக்கும் குழு, முதலில் இடத்தை நேரில் வந்து பார்க்கும் என்று அறிவித்தது. ஒரு திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தின சனி, ஞாயிறு குதிரை அம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கள் காலை நேரே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை வழக்கம்போல எருவுக்கு வந்த அக்கா, இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்குப் பெரிய ஆக்கள் வருகினம். இப்பிடியே வச்சிருக்கப்போறியோ?"

"அக்கா, இது குதிரைப் பண்ணை."

"அதுக்கு? வாறவை சாணிக்குள்ளாலயோ நடக்கிறது? எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

"இவவை விட்டால் குதிரைக்கும் பவுடர் பூசுவா" என்றார் அவருடைய கணவர்.

"நீங்கள் கதையாமல் வானுக்குள்ள கிடக்கிற விளக்குமாறை எடுங்கோ."

எனக்கும் அது பிழையாகப் படவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் புல்லுப் பிடுங்கி, பாதைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். அன்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் தங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சுண்ணாம்பு அடித்தவர்கள்தான். பெரியவர்கள் வந்தால் கூட்ட வேண்டும் என்பது எங்கள் கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம். தொலைபேசியில் இன்னும் சனத்தைக் கூப்பிட்டார்கள். பெரிய வெளியில் வரிசையாக நின்று ஒரு உருண்டை விடாமல் பொறுக்கினோம். குளம்படிகளைக் கம்பி வாரியால் இழுத்துச் சமப்படுத்தினோம். குவியலை அடித்தரை தெரியும்வரை அள்ளி வான்களில் ஏற்றினோம். அது கிடந்த சீமெந்துத் தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். குதிரைக்காரர்கள் ஏறி ஓடிவிட்டுப் போனபின், வருகிறவர்கள் பயப்படக் கூடாது என்று குதிரைகளை எல்லாம் லாயத்துக்குள் விட்டுக் கதவின் மேல்பாதியையும் சாத்தினோம். திங்கள் விடியக் கடை திறக்க முதல் அக்கா திரும்ப வந்து, முன் படலையில் ஒரு சின்ன மேசை போட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்து நிறைகுடம் வைத்துவிட்டுப் போனார். அந்த முற்றத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கவுன்சிலர்கள் மினிபஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நிறைகுடத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெளிக்குப் போனார்கள். கம்பனியின் ஆள் புதிய பச்சை பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கும் அம்மா வெளியின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"நீங்களே பாருங்கள்" என்றார் கம்பனி ஆள். "ஒரு குதிரை இல்லை. ஒரு குளம்படி இல்லை. மன்னிக்க வேண்டும், ஒரு சாணி உருண்டைகூட இல்லை. குதிரை மேய்கிற நிலம் இப்படியா இருக்கும்?"

அந்த நேரம் குதிரை அம்மாவின் கார் வந்தது. "குதிரைகள் உள்ளே நிற்கின்றன" என்று ஓடி வந்து சொன்னார். "இருக்கலாம், இன்றைக்கென்று கொண்டு வந்தும் விட்டிருக்கலாம்" என்றார் அந்த ஆள் மரியாதையாக. தலைவி அம்மா தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்.

பஸ் போனபின் குதிரை அம்மா கழுவின தரையில் நின்றார்.

"யார்?"

"எங்கட ஆட்கள்."

"ஏன்?"

"மரியாதைக்கு."

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். "இந்த முற்றம் இவ்வளவு வடிவாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை" என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் நான் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா பயற்றங்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசில் இருந்து கையை எடுக்கவில்லை.

"விசரி நான்" என்றார். "எருவைப் போய் ஊத்தை எண்டு நினைச்சிட்டனே. அதுவும் நான்."

"நாங்கள் எல்லாரும்தான், அக்கா."

"சரி, எடுத்த எரு எங்கை கிடக்கு? கடலுக்குள்ளயோ கொட்டினனாங்கள்? எங்கட வளவுக்குள்ளதானே கிடக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டுவம்."

குழுக் கூட்டத்தில் பண்ணைப் பக்கத்துக்குப் பேச ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. குதிரை அம்மா அதை அக்காவிடம் கொடுத்தார். "சொல்ல வேண்டியதை நான் எழுதிவிட்டேன். கூட்டினவரே விளக்கம் சொல்லட்டும்" என்றார், சிரித்துக்கொண்டுதான்.

கவுன்சில் மண்டப வாசலில் நின்ற காவலாளி பாவம். மிச்சத்துச் சனம் தயிர் வாளிகளோடு வரிசையாக வந்தது. ஒவ்வொரு வாளியிலும் பெரிய வெளியின் எருவும் அதில் முளைத்த ஒரு கன்றும். பூசணி, கத்தரி, மிளகாய், முருங்கை. "செடி கொண்டு வரலாமா?" என்று அவர் உள்ளே போய்க் கேட்டார். கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லையாம். பார்வையாளர் இருக்கும் வாங்குகள் நிறைந்தன. ஒவ்வொரு மடியிலும் வாளி. கொஞ்ச நேரத்தில் மண்டபம் எங்கள் லாயம் மாதிரி மணந்தது. எனக்கு அது வீட்டு மணம்.

அக்காவின் இங்கிலீஷ் கல்லாவில் நின்று படித்தது. அதில் சுற்றி வளைக்க இடம் இல்லை.

"நீங்கள் துப்புரவான வெளியைப் பார்த்தீர்கள். அதைத் துப்புரவாக்கியது நாங்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் வந்தால் கூட்டுவோம். நீங்கள் வாறீர்கள் என்று கூட்டினோம். அங்கே இருந்திருக்க வேண்டியது இதோ இந்த வாளிகளில் இருக்கிறது. சந்தேகம் என்றால் மணந்து பாருங்கள்."

"உறுப்பினர்கள் மணக்கத் தேவையில்லை" என்றார் தலைவி அம்மா. "இங்கிருந்தே மணக்கிறது."

மண்டபம் சிரித்தது. கம்பனி ஆளும் சிரித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கவுன்சிலர் எழும்பி, முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் திரும்பப் போய்ப் பார்க்கலாம் என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. கன்று நடுகிற காலம் அது; அந்த ஞாயிறு ஏற்றிப்போன எரு பாத்தி கொத்துகிறதோடு முடிந்திருந்தது. லண்டன் வெயில் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் எருப் போட்டு நட்டால்தான் காய். அந்த நேரத்தில் அக்கா கட்டளை போட்டார்: கவுன்சில் வந்து போகும்வரை ஒருவரும் ஒரு கரண்டி எரு எடுக்கக் கூடாது. ஒரு புல்லைக்கூடக் கூட்டக் கூடாது.

கிழமைகள் போயின. என் தொலைபேசி ஓயவில்லை. "தம்பி, ஒரு சின்னப் பை?" "ஏலாது, அக்கா கொல்லுவா." "அவவுக்குச் சொல்லாதை." "குவியல் சொல்லிப்போடும்." டூட்டிங்கில் இருந்து ஒருவர் தன் புடலைக்கொடி செத்துப்போவதைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு பின்னேரம் கடை வான் கீழ்ப் படலையில் நின்றது. போய்ப் பார்த்தால் அக்காவின் கணவர் வேலியில் கை வைத்துக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணை?"

"ஒண்டும் இல்லை. பாக்கத்தான் வந்தனான்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"உனக்கு விசரே?"

பார்த்துவிட்டு வெறும் வானோடு போனார். எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். போர் பார்த்து, கடல் தாண்டி, ஷிப்ட் வேலை செய்து ஒரு முழம் பின்வளவு வாங்கின சனம். அந்த வளவை அந்த வருசம் காயவிட்டது. ஒருவர் வந்து அள்ளியிருந்தால் நூறு பேர் அள்ளியிருப்பார்கள். ஒருவரும் வரவில்லை. என் காரவன் யன்னலால் ஒவ்வொரு காலையும் குவியல் உயர்ந்திருப்பதைப் பார்ப்பேன். இவர்கள் என் ஆட்கள் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். அதற்கு முதல் நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

அவர்கள் வந்த காலை மழை. குதிரைகள் எல்லாம் பெரிய வெளியில், முழங்கால்வரை சேறு. குவியல் வைக்கல் கொட்டிலைவிட உயரமாய் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. நான் தள்ளுவண்டியோடு ஏறி வருகிறேன், தலைவி அம்மாவும் மற்றவர்களும் படலையைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். வரவேற்க நிறைகுடம் இல்லை, விளக்குமாறு இல்லை. அவர் மூன்றாவது அடி வைத்தபோது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. நான் அதை இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அலசிக் கொடுத்தேன். கறுப்புக் குதிரை வந்து அவருடைய குடையைக் கடித்தது.

"இவ்வளவும் எப்போதிலிருந்து?" என்று குவியலைக் காட்டிக் கேட்டார்.

"நீங்கள் போன முறை வந்து போனதிலிருந்து" என்றேன்.

அவர் குவியலை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் மறுகரைவரை நடந்து திரும்பினார்.

அனுமதி மறுக்கப்பட்டது. கம்பனி கொஞ்ச நாள் முறுகிக்கொண்டு நின்றது. களஞ்சியம் கட்ட முடியாத நிலத்தை வைத்து என்ன செய்வது என்று யோசித்திருக்க வேண்டும். நீண்ட குத்தகையில் பெரிய வெளியை மேய்ச்சலுக்கென்று குதிரை அம்மாவிடமே விட்டது. அவர் செய்தியைச் சொன்னபோது நான் லாயம் அள்ளிக்கொண்டிருந்தேன். "நீ போகத் தேவையில்லை" என்றார். "அப்ப இதை முடிச்சிட்டு வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது.

முடிவு வந்த அடுத்த ஞாயிறு ஒழுங்கை முழுக்க வான்களும் கார்களும். பஸ்ஸே திரும்ப இடமில்லாமல் சாரதி கோர்ன் அடித்தார். முன்னால் கடை வான். அக்கா இறங்கி முன் படலைக்கு வந்தவர் அப்படியே நின்றார். அங்கே ஒரு சின்ன மேசை போட்டிருந்தது. மேசையில் குதிரைக்குத் தண்ணி வைக்கிற வாளி, மாவிலைக்குப் பதில் வேலியில் முறித்த ஓக் இலைகள், தேங்காய்க்குப் பதில் ஒரு சிவப்பு ஆப்பிள். குதிரை அம்மா பக்கத்தில் நின்று, சரியா என்பதுபோல அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் ஆட்களில் பிழை பிடிக்கிறதில் அக்காவை வெல்ல ஆள் இல்லை. அவர் ஒரு இலையைத் திருத்தவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிக் கறுப்புக் குதிரை ஆப்பிளை எடுத்துக்கொண்டது.

"சரி, அதுவும் சாப்பிட்டிட்டுது" என்றார் அண்ணை, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. "இனியாவது அள்ள விடுவாவோ?"

"அள்ளுங்கோ, அள்ளுங்கோ" என்றார் அக்கா. "ஆனா ஒருத்தரும் கூட்டக் கூடாது."